பதினோராவது கண்ணாடித் தகடு

நான் ஒரு மையத்திடமிருந்து, அதாவது பிணத்திடமிருந்து, திருடினேன்.

நகையை அல்ல, பட்டுச்சேலையை அல்ல. ஈரலில் ஒரு சிறு துண்டு. ஈர்க்கு அளவு தடிப்பு, நகத்தளவு நீளம், அவ்வளவுதான். யாரிடமும் கேட்கவில்லை. எடுக்கும்போது தயங்கவும் இல்லை... அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

முகத்தைச் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள்! ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு எனக்குக் கோவில் இருக்கிறது. நான் கத்தோலிக்கப் பெண். மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். கோபப்பட்டது, பொய் சொன்னது, பூசைக்குப் போகாதது எல்லாவற்றையும் அங்கே கொட்டியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்புவழிபுரத்தில் வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் வேலை. காட்டுப் பிராணிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல்களை ஆராய்வது என் பொறுப்பு. ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைக்காதீர்கள். இரும்புக் கூட்டுக்குள் சுட்ட கருவாட்டைக் கட்டி வயல் வரப்பில் வைப்பேன். எலி விழும், கீரி விழும், ஒருநாள் மரநாய் விழும். அவற்றை அறுத்து, சிறுநீரகத்தை எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். பல்கலைக்கழகத்தில் படித்த பெண்ணுக்கு இது ஒரு தொழிலா என்று என் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடுகளோடு நான் தண்ணீரைக் கடத்திவிடும் படகுப்பாதையில் கிண்ணியாவுக்கு ஏறினால் பெண்கள் சிரிப்பார்கள். "எலி மிஸ் வாறா, பூனையெல்லாம் ஒளிச்சுக்கங்க!" எனக்கும் சிரிப்பு வரும். அந்த ஊர்ச் சனத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாரி தொடங்கி வயலில் தண்ணீர் நின்றதும் அங்கே ஒரு காய்ச்சல் வரும். கண் சிவக்கும். கெண்டைக்கால் தொடவிடாமல் வலிக்கும். பிறகு உடம்பு மஞ்சளாகும், சிறுநீர் நின்றுபோகும். அதோடு ஆள் முடிந்தது. பட்டினத்து டொக்டர் ஒருவர் மலேரியா என்றார், இன்னொருவர் செங்கமாரி, வெறும் மஞ்சள்காமாலை என்றார். வயலுக்குள் எலியும் மரநாயும் பெய்த சிறுநீர்தான் காரணம், அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்களின் கால் வெடிப்பு வழியாக இது ஏறுகிறது என்று நான் சொன்னேன். பிடித்த எலிகளில் அந்தக் கிருமியைக் கண்டவள் நான். நூல் போல மெல்லிசு, நுனி கொக்கி போல வளைந்திருக்கும்.

கொழும்பிலிருந்த என் மேலதிகாரி ஒற்றை வரியில் பதில் எழுதினார். எலியில் இருந்தால் அது எலிக்கு வந்த வருத்தம், அந்த நோயை மனிதரில் காட்டு!

எப்படிக் காட்டுவது? இரத்தம் எடுத்தால், படகுப்பாதைக்குக் காத்து, பஸ்ஸுக்குக் காத்து, ஐஸ் உருகி, ஆய்வுகூடம் வந்து சேரும்போது கெட்டுப்போயிருக்கும். இறந்தவரின் ஈரல் கிடைத்தால் மருந்தில் போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் அங்கே மௌத்தானவரை அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். உடம்பில் கத்தி படவிட மாட்டார்கள். அது அவர்கள் மார்க்கம். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் ஹாஜரா ராத்தாவின் வீட்டு வளவில்தான் என் கூடுகளை வைத்திருப்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்காவை அவர்கள் கூப்பிடுவதுபோல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். நான் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனதாக ஒருநாளும் இல்லை. போகும்போது கையில் ஒரு மண் முட்டி தயிரும் தருவாள்.

அவளுடைய தங்கை ஜெமீலா. இருபத்தாறு வயது. வயலில் களை பிடுங்கப் போய்க் காய்ச்சலோடு வந்தாள். ஐந்தாம் நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். பத்து மணிக்கு மூச்சு நின்றது.

பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும். பெண்கள் குளிப்பாட்டுவதற்கு மறைப்புக் கட்டவும் தண்ணீர் அள்ளவும் கிணற்றடிக்குப் போனார்கள். ஹாஜரா அழுதழுது குரல் அடைத்துப்போய் என்னிடம் சொன்னாள்:

"மிஸ், இவளுக்குப் பக்கத்துல கொஞ்சம் இரிங்க. தனிய உட ஏலாது."

இருந்தேன். என் பைக்குள் சதைத் துண்டு எடுக்கும் குழல் ஊசி இருந்தது.

காவலுக்கு வைத்தவளே கள்ளி! நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன். வலப்பக்க விலாவுக்கிடையில் ஊசியை இறக்கி எடுத்தேன். வந்த துண்டை மருந்துப் போத்தலுக்குள் போட்டேன். பஞ்சால் ஒற்றினேன், போர்வையை இழுத்துவிட்டேன். ஹாஜரா திரும்பி வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, நம்பினால் நம்புங்கள்.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் ஏலாது என்றிருப்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை! "அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது" என்ற பசப்பெல்லாம் என்னிடம் இல்லை.

அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாக வெட்டிப் பதினொரு கண்ணாடித் தகடுகள் செய்தேன். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால்... கறுப்புக் கொக்கிகள்! எலியில் கண்ட அதே உருவம். ஆய்வுகூடத்தில் தனியே நின்று கைதட்டினேன். ஜெமீலாவின் ஈரலைப் பார்த்துக் கைதட்டினேன்... ஓம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியின் வாய் அடைத்தது. அடுத்த மாரிக்கு முன்னே கிண்ணியா டிஸ்பென்சரிக்குப் பெனிசிலின் வந்தது. கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே ஊசி போடு என்று உத்தரவும் வந்தது. அந்த மாரியில் ஹாஜராவின் புருஷனுக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. நேரத்துக்கு ஊசி போட்டார்கள், எழும்பிவிட்டார். இன்றைக்கும் அந்த மனிசன் வேலிக்குள் புகுந்த ஆட்டை ஏசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இப்போது சொல்லுங்கள், நான் எடுத்தது பிழையா? பிழை என்றால் அந்த மனிசனின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாளைக்கே அந்தத் திண்டாட்டம் திரும்ப வந்தாலும் ஊசியை எடுப்பேன். நூறு தரம் எடுப்பேன்!

இதோடு முடிந்திருந்தால் இந்தக் காகிதத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

பதினாறு வருஷம் போனது. ஆய்வுகூடத்தை மூடினார்கள். அந்தத் தகடுகள் இருந்த பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். ஒருநாள் காலையில் ஹாஜரா அன்புவழிபுரத்துக்கு என்னைத் தேடி வந்தாள். ஹஜ்ஜுக்குப் புறப்படப் போகிறாளாம். போகுமுன் தெரிந்தவர், பழகியவர் எல்லாரிடமும் போய் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது அவர்கள் வழக்கம். கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்று நின்றுகொண்டே கேட்டாள்:

"மிஸ், எனக்கு மாப்புத் தாங்க."

"நீங்கள் எனக்கு என்ன செய்தனீங்கள், ராத்தா?"

"இவ்வளவு காலமும் மனசுக்குள்ள உங்களக் கள்ளி எண்டு ஏசிட்டு இருந்தன்."

அவளே மேலே சொன்னாள்:

"தங்கச்சியக் குளிப்பாட்டக்குள்ள விலாவுல ஓட்டையக் கண்டன். தண்ணியா ரத்தம் வந்திச்சு. நான்தான் பஞ்சு வெச்சு அடைச்சன். மத்தப் பொம்புளைகள் கேட்டதுக்குப் பழைய புண் எண்டு சொன்னன்."

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்க ஓம் எண்டிருவீங்க. பொறகு உங்கள எப்படி எங்கட வளவுக்குள்ள எடுக்கிற?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அடுத்த வருஷம் இவருக்குக் காய்ச்சல் வந்து ஊசியால எழும்பினாரு. அதுக்குப் பொறகு ஏசவும் ஏலல்ல, ஏசாம இரிக்கவும் ஏலல்ல. நீங்க மாப்புத் தாங்க. நானும் தாறன். ஆனா அவள்ற சாமானத் தாங்க. அவள்ற கபுறடியில அடக்கணும்."

பாருங்கள்! ஊர் முழுக்க என்னை நாறடித்திருக்கலாம். ஒரு சொல் வெளியே விடாமல் பதினாறு வருஷம் தயிரும் சோறும் தந்தவள், என்னிடமே வந்து மன்னிப்புக் கேட்டாள்.

உள்ளே போனேன். அலுமாரியைத் திறந்தேன். மெழுகுக் கட்டி, பத்துத் தகடுகள்... பதினோராவதைக் கையில் எடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதைச் சேலை அடுக்குக்குக் கீழே தள்ளிவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்தேன்.

"எல்லாம் இவ்வளவுதானே, மிஸ்?"

"ஓம் ராத்தா. இவ்வளவுதான்."

கையோடு கொண்டுவந்த வெள்ளைத் துணியில் பெட்டியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். குழந்தையைத் தூக்கிப் போவதுபோலத்தான் போனாள்.

ஏன் வைத்துக்கொண்டேன்? விஞ்ஞானத்துக்காக என்று சொல்லட்டுமா? பொய்! விஞ்ஞானத்துக்கு அது இனித் தேவையில்லை. எழுத வேண்டியதெல்லாம் எழுதி அச்சாகிவிட்டது. மேலதிகாரியின் பெயரில் அச்சானது. கட்டுரையின் அடியில் "உதவிய ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஊழியர்தான் நான்! எலிக் கூடு சுமந்தவள், வயல் தண்ணீரில் நின்றவள், பிணத்தில் ஊசி இறக்கிய பாவத்தைச் சுமந்தவள்... எல்லாம் நான். பெயர் அவருக்கு.

அந்தப் பதினோராவது தகட்டில்தான் கொக்கிகள் மிகத் தெளிவு. அதன் ஓரத்தில் ஒட்டிய சிறு கடதாசியில் குறிஞ்சாக்கேணி என்றும், கீழே என் பெயரும் என் கையெழுத்தில் இருக்கின்றன. இதைக் கண்டது நான்தான் என்று சொல்ல உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. அதனால் வைத்துக்கொண்டேன். முதல் திருட்டு ஊரைக் காப்பாற்றியது. இரண்டாவது திருட்டு என்னை மட்டும் காப்பாற்றுகிறது. காப்பாற்றுகிறதா? சரியாகத் தெரியவில்லை...

ஹாஜரா ஹஜ்ஜுக்குப் போய் வந்தாள். பேரீச்சம்பழமும் சின்னப் போத்தலில் புனித ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்து தந்தாள். "அங்க தொழுது நிண்டு உங்களுக்கும் துஆக் கேட்டன், மிஸ். தங்கச்சி இப்ப முழுசாக் கிடக்காள். எனக்கு அது போதும்" என்றாள். போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே அலுமாரியில் வைத்தேன்.

கோவிலில் ஏன் சொல்லவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். சுவாமியார் பாவத்தைக் கேட்டு அதிர்ந்துவிடமாட்டார். "முதலில் திருடியதைத் திருப்பிக் கொடு, மகளே. பிறகு வா" என்பார். அதுதான் முறை. கொடுக்காதவளுக்குப் பாவமன்னிப்பு இல்லை.

கொடுக்க மாட்டேன்.

சுவாமியாருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அது ஜெமீலாவுடையது என்று எனக்கும் தெரியும். என்னுடையதும்தான்! நான் செத்தபின் அலுமாரியைத் திறக்கிறவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். ஆனால் ஹாஜரா "முழுசாக் கிடக்காள்" என்று சொன்ன அந்தக் குரல் இருக்கிறதே... சேலை எடுக்க அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் அது கேட்கிறது. கேட்டுக்கொண்டே சேலையை எடுத்துக் கட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை வருவதாக ஆள் அனுப்பியிருக்கிறாள். வழக்கம்போல ஒரு முட்டி தயிர் கொண்டுவருவாள். வாங்கிக்கொள்வேன். அவள் முன்னாலேயே சீனி போட்டுச் சாப்பிடுவேன்.