கொடுக்காமல் போன வேஷம்

பிம்ப்ரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்து சீட்டுக்காக ஒரு கல்லூரி மாணவனோடு வாதாடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மகள் சாரு. "அப்பா, வைஜயந்தி மேடம் போயிட்டாங்கப்பா" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான். மறுமுனையில் அவள் விசும்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டை அவனுக்கே விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

காலையில் காபி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அன்று சாயங்காலம் அவருக்கு நாடகம் இருந்தது.

நம் புனே தமிழ்ச் சங்க மலருக்காக மேடத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு, தொழிற்சாலை ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பவன் நான். அஞ்சலி என்றால் எழுதுகிறவனுக்குக் கண்ணீர் வரவேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. வேறு ஆளைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டீர்கள், அனுபவியுங்கள்.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ஊராகப் போய் மராத்தி நாடகம் போடும் ஒரு புனே கம்பெனியின் முதன்மை நடிகை அவர். பிறந்தது தஞ்சாவூரில், அங்கேயே தலைமுறைகளாக இருந்த மராத்திக் குடும்பத்தில். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அவருடைய தஞ்சாவூர் மராத்தியைக் கேட்டு இந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்களையே பிறகு டிக்கெட் வாங்க வைத்தார். டிகிரி முடித்த பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வருடம் நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் பிரிவை அந்தக் கம்பெனிக்குள்ளேயே தொடங்கியதும் அவர்தான்.

சாரு பி.காம். முடித்ததும் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் படித்தது நாடக வசனம். தெரிந்த அன்றே ஒத்திகைக் கூடத்துக்குக் கிளம்பிப் போனேன். என்னிடம் இருப்பது தொழிற்சாலை மராத்தி. அதில் பாதி கெட்ட வார்த்தை. மீதியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தமிழ்லயே திட்டுங்கோ ஐயா, எனக்கு நன்னாப் புரியும். பொண்ணைக் கூட்டிண்டு போக வந்தேளா, சண்டை போட வந்தேளா?"

"ரெண்டுக்கும்தான் மேடம்."

"அப்ப மொதல்ல சண்டை. டீ அப்புறம்."

நான் என்னென்னவோ கத்தினேன். நடிப்புப் படிக்க ஆசை என்றால் ஏதாவது கல்லூரியில் படிக்கட்டுமே, ஓடுகிற கம்பெனியில் எதற்கு என்றும் கேட்டேன். அவர் என் சட்டையில் இருந்த தொழிற்சாலை அடையாள அட்டையைப் பார்த்தார்.

"நீங்க அப்ரெண்டிஸா இருந்தவர்தானே? உங்களை மெஷின் பக்கமே விடாம ரெண்டு வருஷம் புஸ்தகம் மட்டும் படிக்க வெச்சாளா? ஆர்டர் வந்த உருப்படிலதானே கை வெக்கச் சொன்னா? கெடுத்தா மேஸ்திரி திட்டுவார்னு பயந்துண்டே கத்துண்டேளோல்லியோ? இங்கயும் அதேதான். காசு குடுத்து வந்து உக்காந்திருக்கறவா முன்னாடிதான் கத்துக்க முடியும்."

எனக்குப் பதில் வரவில்லை. டீ வந்தது. குடித்துவிட்டு மகளை விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் என் மனைவி, "சண்டை போடப் போன ஆளு சர்க்கரை நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வராரு" என்றாள்.

மேடம் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கம்பெனியில் ஓடும் ஒவ்வொரு நாடகத்திலும் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பயிற்சிப் பிள்ளை தயாராக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள், பெரிய நடிகர் போய் சபையில் உட்கார வேண்டும், பிள்ளை மேடை ஏற வேண்டும். ஒத்திகையாக அல்ல, டிக்கெட் விற்ற ஆட்டத்தில். ஏமாற்றுவதும் கூடாது. நாடகம் தொடங்கும் மூன்றாவது மணி அடிப்பதற்கு முன்னால் மேடமே திரைக்கு வெளியே வந்து, இன்று இந்த வேஷத்தைச் செய்யப்போவது இன்னார், பயிற்சியில் இருப்பவர், விருப்பமில்லாதவர்கள் இப்போதே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பார். பெரிய நடிகர்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி முணுமுணுக்கவில்லை, கத்தினார். மேடம் அசையவில்லை.

சாரு வேறொரு நாடகத்தில் முதல் முறை ஏறிய அன்று நான் முன்வரிசையில் இருந்தேன். மேடம் அப்படி அறிவித்தார். எழுந்து ஓடிப்போய் கதவருகில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒருவரையும் வெளியே விடுவதில்லை என்று முடிவு. வயதான ஒருவர் வந்து மராத்தியில் கெஞ்சினார். "உக்காருங்க காகா, பொண்ணு நல்லா நடிக்கும்" என்று இந்தியில் சொன்னேன். காகா என்றால் சித்தப்பா, வயதில் மூத்தவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இன்னும் பரிதாபமாகக் கெஞ்சினார். மேடையிலிருந்து மேடம் குரல் கொடுத்தார், தமிழில், மைக் இல்லாமல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி:

"ஐயா, அவர் பாத்ரூம் போறார். விட்டுடுங்கோ!"

சபையில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாரு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட மனுஷி மேல் எனக்கென்ன கோபம்? சொல்கிறேன்.

மேடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகத்தில் அவர் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடத்து நிலத்தை விற்கப் பார்க்கும் நிர்வாகத்தை எதிர்த்து நிற்பவர். கதைப்படி ஆசிரியைக்கு நாற்பது வயது. மேடம் அறுபதைத் தாண்டிய பிறகும் அந்த வேஷத்தைச் செய்துகொண்டிருந்தார். அந்த வேஷத்துக்குத் தயாராக இருந்த பிள்ளை சாரு. ஒவ்வொரு ஆட்டத்திலும் திரை ஓரத்தில் நின்று வாய்க்குள்ளேயே முழு வசனமும் சொல்லுவாள். எல்லா நடிகர்களும் மாதம் ஒரு நாள் வேஷத்தைக் கொடுத்தார்கள், திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். கொடுக்காதவர் ஒருவர்தான். சட்டம் போட்டவர்.

நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன். "மேடம், சாரு இன்னும் சரியா வரலையா?"

"அவ ரெடி ஐயா. நான்தான் ரெடியாகலை. அடுத்த மாசம்."

அன்றைக்கு இதை ஒரு நல்ல வசனம் என்று ரசித்து மனைவியிடமும் சொன்னேன். அறிவு கெட்ட ரசனை.

கடைசி சில மாதங்கள் அவருக்கு மூச்சு வாங்கியது. இடைவேளையில் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். நானே பார்த்தேன். "டாக்டரைப் பாருங்க மேடம். ஒரு நாள் சாரு பண்ணட்டுமே, நீங்க ஓய்வா உக்காந்து பாருங்க" என்றேன். "பாக்கறேன் ஐயா, அடுத்த மாசம்" என்றார். எந்த மாசம், மேடம்?

இறந்த அன்று சாயங்காலம் ஆட்டத்தை ரத்து செய்யவில்லை. அதில் எனக்குக் குறையில்லை, மேடமும் ரத்து செய்திருக்க மாட்டார். சாருதான் ஏறுவாள் என்று நானும் மனைவியும் போனோம். மேக்கப் அறையில் ஒரு டி.வி. சீரியல் நடிகை உட்கார்ந்திருந்தார். காதுக்குள் சின்னக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார், வசனத்தை யாரோ உள்ளிருந்து படித்துக் கொடுப்பார்களாம். என் மகள் தரையில் மண்டியிட்டு, மேடத்தின் புடவைக்கு அந்த அம்மாவின் இடுப்பில் பின் குத்திக்கொண்டிருந்தாள்.

முதலாளியைப் பிடித்தேன். "இது என்ன நியாயம்? ரெண்டு வருஷமா தயாரா நிக்கிறவ இருக்கும்போது?"

அவர் தோளைத் தட்டி, "காகா, மேடம் இதைத்தான் விரும்பியிருப்பார்" என்றார்.

"பொய். மேடம் என்ன விரும்புவார்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் ஒரு தடவைகூட அவரே கொடுக்கல? அவர் நம்பிக் கொடுக்காத வேஷத்தை நான் எதை நம்பிக் கொடுப்பேன்?"

இரண்டாவது முறையாக அந்தக் கம்பெனியில் எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை டீயும் வரவில்லை. சாரு என்னை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, ப்ளீஸ், வீட்டுக்குப் போங்க. எனக்கு உள்ள காம் இருக்கு, வேலை முடியலை."

பிறகு இரங்கல் கூட்டம். பிள்ளைகளை நாற்காலி போடச் சொன்னார்கள், போட்டார்கள். முதலாளி மைக்கைப் பிடித்து, பயிற்சிப் பிரிவுக்கு மேடத்தின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். கைதட்டல். அதே மூச்சில், பிள்ளைகள் பெரிய வேஷத்தில் ஏறும் வழக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். அதற்கும் கைதட்டல். பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிகிறார்கள், இவர்கள் கை தட்டுகிறார்கள்! அடுத்து ஒருவர் எழுந்து, "மேடம் இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தார்" என்றார். நான் எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்தையும் இல்லை!" என்று ஆரம்பித்தது மராத்தியில். கோபத்தில் இந்திக்குப் போய், தமிழில் முடிந்தது. என்ன சொன்னேன் என்று கேட்டவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் சாருவிடம் கேட்டேன். "உனக்குக் கோபமே வரலையாடி அவங்க மேல?"

"வருதுப்பா. பஹுத் வருது, ரொம்ப. ஆனா அவங்களும் ஆக்டர்தானேப்பா. ஆக்டர்கிட்ட போய் வேஷத்தைக் குடுன்னா?"

"மத்தவங்க குடுத்தாங்களே!"

"அவங்களைக் குடுக்க வெக்க மேடம் இருந்தாங்க. மேடத்தைக் குடுக்க வெக்க யார் இருந்தா?"

போன ஞாயிற்றுக்கிழமை அந்த சீரியல் நடிகைக்குப் படப்பிடிப்பு வந்துவிட்டது. மதியம் கம்பெனியிலிருந்து சாருவுக்குப் போன். நியாயம் ஜெயித்தது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அரங்க வாசல் பலகையில் அவள் பெயர்கூட இல்லை.

போய் உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியில் நிர்வாகத்தலைவர் ராஜினாமா கேட்பார். மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேஜையை அறைந்து, "மாட்டேன்" என்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அங்கே கைதட்டல் இடிக்கும். அந்த இடம் வந்தது. தட்டுவதற்கு நான் கையைத் தூக்கிவிட்டேன். சாரு எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "மாட்டேன்" என்றாள். ஒருவரும் தட்டவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மேடம், அந்த வேஷம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நீங்களே கொடுத்திருக்கலாம். முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அந்த ஒன்றுக்காக உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. போய் வாருங்கள்.