சர்வர் சூட்டில் ஒரு நீச்சல்குளம்

சான்டா கிளாராவில் எங்கள் குடியிருப்பின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், ஆயிரக்கணக்கான சர்வர் கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும் ஒரு டேட்டா சென்டர் இருக்கிறது. எனக்கு அங்கேதான் வேலை. என்ன வேலை என்று சென்னையில் சொந்தக்காரர்கள் கேட்டால் ஏஐ என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில், கம்ப்யூட்டர்கள் கக்கும் சூட்டைத் தண்ணீரில் வாங்கி, மொட்டைமாடிக்கு ஏற்றி, காற்றில் விடுவதுதான் என் வேலை. பதினோரு வருடமாக வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் நீச்சல்குளம். அதற்கென்று ஒரு கேஸ் பாய்லர் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதாக எழுத ஆசைதான். தோன்றியது எனக்கல்ல. தினமும் காலையில் குளத்துக்குள் நடைப்பயிற்சி செய்யும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, ஓய்வுபெற்ற டாக்டர், ஒருநாள் மதிலைக் காட்டிக் கேட்டார்.

“தம்பி, அவ்வளவு சூட்டையும் சும்மா மேல விடுறியள். கொஞ்சத்தை இஞ்சால விட்டால் என்ன?”

“அதெல்லாம் ரொம்ப காம்ப்ளிகேட்டட், ஆன்ட்டி.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அப்படியொன்றும் காம்ப்ளிகேட்டட் இல்லை. அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், என் யோசனையாகவே, நாற்பத்தாறு ஸ்லைடுகளில் விளக்கினேன். முதல் வரிசையில் உட்கார்ந்து ஆன்ட்டிதான் பலமாகக் கைதட்டினார்.

கம்பெனியும் நகராட்சியும் அனுமதி தர இரண்டு வருடம் ஆனது. ஒருவழியாக மதிலைத் துளைத்துக் குழாய் வந்தது. இரண்டு தண்ணீரும் கலக்காது, சூடு மட்டும் இடம் மாறும். திறப்புவிழா ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழாய் வேலைக்காகக் குளத்தை மூடியிருந்த முந்தின வாரமே, இனி அது எதற்கு என்று பாய்லரை அணைக்கச் சொன்னவனும் நான்தான்.

நீச்சலுடையில் நின்று கார்பன் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். போனில் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. கையை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை, இன்ஜினியர் அல்லவா? குதித்தேன்.

“அம்மா!” என்று ஒரு அலறல் வந்தது. அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

“எப்படி இருக்கு?” என்று சங்கத் தலைவர் கேட்டார்.

“நல்லா... இதமா... இருக்கு சார்.”

“அப்பா, யுவர் லிப்ஸ் ஆர் பர்ப்பிள்” என்றாள் என் ஒன்பது வயது மகள்.

“ஆக்ட் பண்ணது போதும், வெளிய வாங்க” என்று மனைவி டவலை நீட்டினாள்.

ஆன்ட்டி குனிந்து தண்ணீரில் ஒரு விரலை வைத்தார். “என்ன தம்பி, உங்கட கம்ப்யூட்டர் எல்லாம் நித்திரையோ?”

குளத்தைப் பராமரிப்பவர் பம்ப் அறைக்குப் போய்விட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். குளத்துக்குச் சூட்டைக் கொண்டுவரும் குழாயின் வால்வு மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை வடிகட்டியைச் சுத்தம் செய்ய நான் மூடியது, திறக்க மறந்திருக்கிறேன். போனில் நான் பார்த்தது மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரின் சூட்டை.

வால்வைத் திறந்தாலும் அவ்வளவு பெரிய குளம் சூடாக இரண்டு நாள் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை எல்லோரும் அதில் மிதந்துகொண்டிருந்தபோது நான் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆன்ட்டி போன் செய்தார்.

“சூடு வந்திட்டுது, தம்பி. நல்ல சுகமாக் கிடக்கு.”

ஜுரத்தில் எனக்கு மனசாட்சி வேலை செய்தது. “ஆன்ட்டி, இது உங்க ஐடியா. மீட்டிங்லயே நான் சொல்லியிருக்கணும். சாரி.”

“நல்லவேளை சொல்லேல்லை. சொல்லியிருந்தா ஞாயிற்றுக்கிழமை நானெல்லோ குதிச்சிருக்கோணும்.”

அடுத்த கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆன்ட்டி என்னிடம் கேட்டபோது தண்ணீரில் இன்னும் நாலு பேர் இருந்தார்களாம். வசந்தத்தில் பாய்லரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது பக்கத்து முதியோர் குடியிருப்புக்கும் இந்தச் சூட்டைக் கொண்டுபோக ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். ஆன்ட்டி தலைவர். நானும் உறுப்பினர்; நாற்காலிகளைப் போடுவது பெரும்பாலும் நான்தான்.