நட்சத்திரம் கேட்ட வெள்ளிக்கிழமை

சென்ற ஆண்டு வைகாசியில் பிளஸ் டூ முடிவு வந்த அன்று, என் மார்க்கைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். போனில் மார்க்கைப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தேன். அதுதான் என் கொண்டாட்டம்.

எங்கள் ஊர் புதுச்சேரிப் பக்கம் செல்லிப்பட்டு. அப்பா நல்லவர், ஆனால் வாய் திறக்க மாட்டார். அம்மா போன பிறகு "சோறு இருக்கா", "கதவைச் சாத்திக்கோ" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே இல்லை. கணக்குப் புத்தகம்தான் எனக்குத் துணை. ஒரு கணக்கைப் போட்டு முடிக்கும் வரைக்கும் வீடு வெறிச்சென்று தெரியாது. அதனால் பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசைப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வில்லியனூர் அத்தை, "நர்சிங் சேத்து வுடுண்ணா, வெளிநாடு போயிடும்" என்றார். சித்தப்பா, "இன்னிக்கு கம்ப்யூட்டர்தாண்ணா எல்லாம்" என்றார். அப்பாவுக்கு இரண்டு பேர் பேச்சையும் தட்ட முடியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாரியம்மன் முன்னால் பூ கட்டிப் பார்த்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழியை நினைத்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அப்பா வெள்ளைக்கு நர்சிங்கையும் சிவப்புக்குக் கம்ப்யூட்டரையும் நினைத்திருந்தார். வெள்ளை வந்தது.

"அம்மனே சொல்லிட்டா பாப்பா" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அம்மா கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியின் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்பாவிடம் என்றால் அடம் பிடிக்கலாம். அம்மனிடம் எப்படி அடம் பிடிப்பது? என் ஆசை இரண்டு பொட்டலத்திலும் இல்லை. பெற்ற தாயும் இல்லை, இந்தத் தாயும் கைவிட்டுவிட்டாள் என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அழுதாலும் போக வேறு இடம் இல்லை. அவளிடமேதான் போனேன். சாயங்காலம் போனால், "இன்னா நர்சம்மா, எங்களுக்கெல்லாம் ஊசி போடுவியா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அதனால் ஆள் இல்லாத மத்தியானத்தில் போவேன். நடை சாத்தியிருக்கும். கம்பிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொல்வேன்: "தாயே, எனக்கு சீட்டு வேணாம், காலேஜ் வேணாம். உனக்கு இன்னா வேணும்னு ஒருத்தர் என்னைக் கேட்டா போதும்." வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நர்சிங் கல்லூரியில் சேர்க்க என்னைப் பைக்கில் ஏற்றிய அப்பா, போகிற வழியில் அர்ச்சனை செய்யக் கோயிலில் நிறுத்தினார். நான் பலியாடு மாதிரி பின்னால் நின்றேன். தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டே பூசாரி, "பாப்பா பேரு, நட்சத்திரம் சொல்லுப்பா" என்றார்.

அப்பா பேரை மட்டும் சொன்னார். எப்போதும் அம்மாதான் நட்சத்திரம் சொல்வாள். அவர் மெல்ல என் பக்கம் திரும்பி, "உன் நட்சத்திரம் இன்னாம்மா?" என்றார்.

பரீட்சை முடிந்ததிலிருந்து என்னைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. "அஸ்தம்" என்று சொல்வதற்குள் உடைந்துபோய்விட்டேன். அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்பா என்னை வெளியே பைக் பக்கம் அழைத்து வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நட்சத்திரம் கூட தெரியாம இருந்திருக்கேன். பூ கட்டறப்பவும் ஊரையெல்லாம் கேட்டேன், உன்னைக் கேக்கல. சொல்லும்மா, உனக்கு இன்னா படிக்கணும்?"

என் வேண்டுதல் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா திரும்ப உள்ளே போய்க் கைகூப்பி, "தாயே, நீ சொன்னது தப்பில்ல. நான் கேட்டதுதான் தப்பு" என்றார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. "மறுபடி பூ கட்டிப் பாக்கணுமாப்பா?" என்றேன்.

"எதுக்கு? அதான் நீ சொல்லிட்டியே."

இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணிதம் முதல் வருடம் முடிக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அம்மா இல்லாத குறை தீரவில்லை, தீரவே தீராது. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா, "இன்னிக்கு இன்னா கணக்கு?" என்று கேட்கிறார். ஒன்றும் புரியாது அவருக்கு. ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறார்.

பிள்ளைகளுக்காகப் பூ கட்டும் பெற்றவர்களே, பொட்டலம் மடிக்கும் முன் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைப் போல் கேட்க ஆளில்லாமல் இருப்பவர்களே, நடை சாத்தியிருந்தாலும் கம்பிக்கு வெளியே நின்று அவளிடம் சொல்லுங்கள். உள்ளே அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.