ஸ்பிட்டிக்கு முன்னம் மீன் குளிரறை

ஜனவரில இந்தியாவுக்குப் போய் ஸ்பிட்டி பனிமலையில பைக் ஓடப் பிளான். கொழும்பு வெள்ளவத்தைல பிறந்த எனக்குக் குளிரெண்டா ஏசி பஸ்தான்.

அதால இண்டைக்கு ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, எங்கட பிளாட்டில இருக்கிற நசீர் நானா வேலை செய்யிற கொட்டாஞ்சேனை மீன் குளிரறைக்குள்ள போய் நிண்டனான். அரை மணித்தியாலம் தாங்கினா டிக்கெட் போடுறது. இல்லாட்டி வீட்டில இருக்கிறது.

பத்து நிமிஷத்தில கிளட்ச் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கிப் பார்த்தன். மடங்கேல்லை.

இதைப் பேஸ்புக்கில போடப்போறன் எண்டதுக்கு நானா மீன் பெட்டி தூக்கிக்கொண்டே கேட்டார், "நான் பதினொரு வருஷமா இதுக்குள்ளதான் தம்பி. எனக்கு ஒருத்தனும் லைக் போடல்லயே?"

பிறகு தன்ட கிளவுஸுக்குள்ள போட்டிருந்த கம்பளிக் கிளவுஸைக் கழட்டித் தந்தார். "இதுக்கு மேல ஒன்ட கிளவுஸப் போடு. திரும்பக் கொண்டு வா. விரலோட."

அரை மணித்தியாலம் நிண்டிட்டன். டிக்கெட்டும் போட்டாச்சு.

கால் விரலுக்கு ஆரிட்டையாவது ஐடியா இருக்கா?