அப்பன் பேர் இல்லாத கம்பெனி

தூத்துக்குடி துறைமுக வாசலில் லாரிகளிலிருந்து சிந்துகிற கோதுமையைக் கூட்டிப் புடைத்து விற்பவள் சீனித்தாய். வாய்க்காரி. தராசில் விரல் வைக்கிற கடைக்காரர்கூட அவளைக் கண்டால் ஒழுங்காக நிறுப்பார். அவள் புருஷன் பலவேசம் கப்பலின் அடியறையில் இறங்கி அந்தக் கோதுமையை மூட்டை பிடிக்கிறவன். எழுபத்தைந்தாம் வருஷம் ஒரு காலையில் இறங்கினான். பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

வண்டு விழாமலிருக்கக் கோதுமைக்கு விஷ மருந்து போட்டு மூடிக் கொண்டுவருவார்கள். மூடியைத் திறந்தால் ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்ட பிறகே ஆளை இறக்க வேண்டும். இது துறைமுகத்துக் காக்காய்க்கும் தெரியும். சரக்கு இறக்கும் கம்பெனிக்கு மட்டும் தலைபோகிற அவசரம். திறந்த கையோடு ஆளை இறக்கிவிட்டது.

செத்த பிறகு கம்பெனிக்கு ஞானம் வந்தது. பலவேசம் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள் என்றது. அதோடு விட்டிருக்கலாம். குடித்துவிட்டு இறங்கினான் என்று போலீசிலும் எழுதிக் கொடுத்தது. அவனோ சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தவன். பிணத்தின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. பொய் சொல்லவும் கொஞ்சம் ஊர் தெரிந்திருக்க வேண்டும். சீனித்தாய்க்கு மற்றதெல்லாம் பிறகு. குடிகாரன் என்று சொன்னவர்களே அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கோதுமைக் கப்பல் வந்தபோது இறங்க ஒருத்தனும் தயாரில்லை. மேனேஜர் ராஜதுரை தீவிரமாக யோசித்தார். காற்றாட விடுவதைப் பற்றி அல்ல, கிடாய் வெட்டி ஆட்களைச் சமாதானப்படுத்துவதைப் பற்றி. சாவு விழுந்ததால் தள்ளிப்போன கொடை அந்த வாரம்தான் நடந்தது. கிடாயோடு காரில் வந்து இறங்கினார்.

அந்தக் கோயிலில் குற்றத்துக்குக் கிடாய் கொடுக்க ஒரு முறை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. கொடுக்கிறவன் அப்பன் பேரும் தன் பேரும் சொல்லி, செய்த குற்றத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பறிகொடுத்த வீட்டார் பொறுத்தேன் என்றால்தான் திருநீறு. சாமியாடும் மாசானம் எதிரே வந்து நின்றார்.

"ஏலே, யாரு மகன்? என்ன குத்தம்?"

ராஜதுரை கைகூப்பினார். "சண்முகவேல் மகன் ராஜதுரை. காத்தாட விடாம ஆளை எறக்கிட்டோம் சாமி. கம்பெனி குத்தம்."

"எம் புருசன் குடிச்சிருந்தானா?" என்று கேட்டாள் சீனித்தாய்.

"இல்ல தாயி."

"பொறுத்தேன்" என்றாள். ஆட்கள் மறுநாள் இறங்கினார்கள்.

பலவேசம் செத்த வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி வக்கீல், கோயிலில் சொன்னது ராஜதுரையின் சொந்தப் பேச்சு, கம்பெனி சொல்லச் சொல்லவில்லை என்றார். அப்படியானால் குற்றமும் ராஜதுரையின் சொந்தக் குற்றமா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். வக்கீல் மறுக்கவில்லை. ராஜதுரையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு ஆறு மாதம் ஜெயில். கம்பெனி அன்றைக்கே அவர் சீட்டைக் கிழித்தது. கம்பெனி மனிதன் அல்ல, குற்றம் செய்ய அதற்கு மனசு கிடையாது, ஜெயிலில் போட உடம்பும் கிடையாது என்று அதை விட்டுவிட்டார்கள். லாபத்தை வாங்கிப் போட மட்டும் அதற்குக் கை இருந்தது. குடிகாரன் என்று எழுதிக் கொடுத்ததை யாரும் தொடவில்லை.

கம்பெனியும் திருந்தவில்லை. திறந்த கையோடு இறக்கியதில் இன்னும் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆட்கள் முறுக்கிக்கொண்டார்கள். அந்த வருஷக் கொடைக்குப் புது மேனேஜர் வந்தார், முன்னதைவிடக் கொழுத்த கிடாயோடு.

"யாரு மகன்?" என்றார் மாசானம்.

"நான் கம்பெனி சார்பா வந்திருக்கேன்."

"கம்பெனி யாரு மகன்?"

புது மேனேஜர் சுற்றிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "அதுக்கு அப்பா பேரெல்லாம் கிடையாதுங்க."

சீனித்தாய் முன்னால் வந்தாள். "அப்பம் உம்ம பேரைச் சொல்லும். எம் புருசன் குடிக்கலைன்னு சொல்லும்."

"தனிப்பட்ட முறையில வேணும்னா..."

"தனிப்பட்ட முறையில சொன்ன ராஜதுரை எங்கன இருக்காருன்னு தெரியுமா?"

தெரியும். பாளையங்கோட்டை ஜெயிலில். புது மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மெட்ராஸ்ல கேட்டுத்தான் சொல்லணும்."

"கேட்டுட்டு வாரும். அன்னைக்குப் பொறுத்தேன்னு சொன்னேன்லா, அதை இப்பம் திருப்பி எடுத்துக்கிடுதேன். பொறுக்கல."

மாசானம் திருநீற்றுத் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். கிடாய் காரின் பின்சீட்டில் ஏறித் துரை மாதிரி திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் கப்பலின் மூடியைத் திறந்தார்கள். ஆட்கள் இறங்கவில்லை, மேல்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புது மேனேஜர் ஓடிவந்து, "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"காத்து" என்றான் ஒருத்தன்.

பொழுது சாயும்வரை ஒரு மூட்டைகூட மேலே வரவில்லை. வாசலில் சீனித்தாய்க்குக் கூட்ட ஒன்றும் சிந்தவில்லை. புடைக்கிற சுளகை வெறுமனே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து எல்லாக் கப்பலும் ஒரு பகல் காற்றாடியது. அவள் கேட்ட வார்த்தை மட்டும் மெட்ராஸிலிருந்து வரவில்லை.