கடல் அடங்கும் மாதம்

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவருடைய ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால், மற்றத் தீவுகளிலிருந்தும் விலகி, கடலுக்குள் தனியாகக் கிடக்கும் சின்னத் தீவு. நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கண்டியில் படித்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியையானவள். கடலை அதுவரை ஒரே ஒரு தடவை, கொழும்பில், பஸ் ஜன்னலால் பார்த்திருந்தேன்.

அவர் கண்டியில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தார். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, அவரை வளர்த்தது அவருடைய அக்கா. தம்பிக்காகவே கல்யாணம் செய்யாமல் இருந்தவர். தம்பி தோட்டத்துப் பெண்ணொருத்தியைக் கட்டப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அவர் கோபப்பட்டதாகவோ அழுததாகவோ எங்களுக்குத் தகவல் வரவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அது பங்குனி மாதம். கண்டிக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரிடம், நாங்கள் இருவரும் வரப்போவதாக என் கணவர் சொல்லியனுப்பினார். சில நாட்களில் பதில் வந்தது. “கடல் சரியில்லையாம். பிறகு பாப்பம் எண்டு அக்கா சொன்னவ.”

நான் அதை நம்பினேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பாடசாலையில் என்னோடு படிப்பித்த, வேலணைத் தீவைச் சேர்ந்த டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பங்குனியிலை கடல் சரியில்லையோ? ஆர் உமக்குச் சொன்னது? பங்குனிக் கடல் தட்டிலை ஊத்தின தண்ணி மாதிரிக் கிடக்கும். குழந்தைப்பிள்ளையும் தோணி விடும்.”

சிரித்து முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அன்று பின்னேரம் என் கணவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டேன். “பங்குனியில கடல் அமைதியாத்தான் இருக்குமாமே?”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “ஓம்” என்றார். பிறகு, “கொஞ்சக் காலம் பொறும்” என்றார். நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவர் தன் அக்காவைப் பற்றிக் குறைவாக ஏதும் சொல்லவேண்டி வரும். அது அவரால் முடியாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

மகள் பிறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபோது, கேளாமலே தீவிலிருந்து தகவல் வந்தது. பிள்ளையைப் பார்க்கவேண்டும், பங்குனியில் வாருங்கள், சோளகத்துக்கு முதல் வந்துபோய்விடுங்கள் என்று.

அன்று அவர் கந்தோரில் வீணான படத்தாளொன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் தீவை வரைந்தார். தெற்கிலும் மேற்கிலுமிருந்து அம்புக்குறிகள் போட்டு, “இது சோளகம். வைகாசியிலை துவங்கி புரட்டாசி மட்டும் அடிக்கும். வள்ளம் ஏறினால் குடல் வாயாலை வந்திடும்” என்றார். வடகிழக்கில் அம்பு போட்டு, “இது வாடை. மழையையும் கொண்டு வரும். தையிலை மழை விட்டபிறகு பாத்தீரெண்டால் தீவு முழுக்கப் பச்சைப் புல்லு. குதிரையள் கொழுத்துத் திரியும். வடிவெண்டால் தைதான் வடிவு. ஆனா கடல் அடங்கிறது பங்குனியிலை” என்றார்.

“அப்ப எதுல போறது?”

“உமக்குக் கடல் பழக்கமில்லை. பங்குனிதான்.”

அந்தப் பங்குனியில் மகளுக்கு அம்மாள் வருத்தம் வந்தது. வேப்பிலை தேடி அலைந்தோம். தலைக்குத் தண்ணீர் வார்த்து அவள் எழும்பியபோது காற்று மாறிவிட்டது என்றார் அவர். சரி, அடுத்த வருஷம் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷம்தான் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரம்.

கண்டி நகரத்தில் தமிழ்க் கடைகள் எரிந்த புகை நாங்கள் இருந்த கட்டுகஸ்தோட்டை வரை தெரிந்தது. அவர் கந்தோரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கதவைப் பூட்டிக்கொண்டு அலுமாரியை இழுத்துக் கதவுக்கு அண்டை வைத்தோம். அப்போது பின்பக்கத்தால் யாரோ தட்டினார்கள். முன்வீட்டில் குடியிருந்த புடவைக்கடை நாநா. மடவளை என்ற முஸ்லிம் ஊரைச் சேர்ந்தவர்.

“தங்கச்சி, புள்ளயத் தூக்கிட்டு வாங்க. ஒண்டும் எடுக்க வாணாம். வேன் ரெடியா நிக்கிது.”

“எங்க போறது நாநா?”

“எங்கட ஊட்டுக்குத்தான். மடவளைக்குள்ள வரமாட்டானுகள். பொட்டை அழிச்சிட்டு வாங்க தங்கச்சி, எங்கட பொம்புளையள்ட சால்வைய தலைக்கிப் போட்டுக்கங்க.”

அவருடைய மனைவியின் முக்காட்டுக்குள் மகளையும் மூடிக்கொண்டு என் கணவரோடு வேனில் குனிந்து இருந்தேன். வழியில் ஒரு இடத்தில் மறித்தார்கள். நாநா சிங்களத்தில் ஏதோ உரத்துப் பேசினார், சிரித்தார். வேன் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்களை அந்த வீட்டில் பல நாள் வைத்துப் பார்த்தார்கள். நோன்பு முடிந்த காலம் அது. பெருநாளைக்கு வாங்கிய புதுத் துணியொன்றை வெட்டி அந்த வீட்டுப் பெண்கள் என் மகளுக்குச் சட்டை தைத்தார்கள்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. முற்றத்தில் எங்கள் துணிமணிகளைப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வடக்குக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று கந்தோரில் சொன்னார்களாம். “நாங்களும் போவம்” என்றார் அவர்.

“போயி?”

“அக்கா வீட்டிலை இருப்பம்.”

நான் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். “உங்க அக்கா புள்ளையப் பாக்கத்தான் வரச் சொன்னாங்க. காலம் பூரா என்னைய வச்சிருக்கச் சொல்லல” என்றேன். “எங்க அப்பா அம்மா இங்க தோட்டத்துல இருக்காங்க. அவங்களுக்குக் கப்பலும் இல்ல, போறதுக்கு ஊரும் இல்ல.”

 அடுத்தநாள் காலை பல் தீட்டிக்கொண்டு நின்றவர், திடீரென்று, “இப்ப சோளகம் நல்லா அடிக்கும். சின்னப் பிள்ளையோட அந்தக் கடலைக் கடக்கேலாது” என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். கடலின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினார். நாங்கள் கண்டியிலேயே இருந்தோம். மடவளைப் பாதையில் நாநா பார்த்துக் கொடுத்த வாடகை வீட்டுக்குக் குடிபோனோம்.

அதற்குப் பிறகு ஒரு வைகாசியில், தீவிலிருந்து புறப்பட்ட படகொன்றை நடுக்கடலில் மறித்து, அதிலிருந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. இறந்தவர்களில் அவரோடு படித்தவர் ஒருவரும் இருந்தார். என் கணவர் இரண்டு நாள் கந்தோருக்குப் போகவில்லை. அந்தப் படத்தாளைத் தேடி எடுக்க நினைத்தவர்போல எழும்பினார். அது முற்றத்தில் எரிந்தவற்றோடு போய்விட்டது என்பது நினைவு வந்து உட்கார்ந்துவிட்டார். காற்றும் அலையும் செய்யாததை மனிதர்கள் செய்திருந்தார்கள். அதன்பிறகு எந்த மாதம் போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

போர் வந்து பாதை அடைபட்டது. தீவு கடற்படையின் கைக்குப் போனது. அக்கா உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி எப்போதாவது, கப்பலில் திருகோணமலைக்கு வந்தவர்கள் வாயிலாகக் கிடைக்கும். கண்டியில் என் கணவருடைய அடையாள அட்டையில் நெடுந்தீவு என்றிருந்ததைப் பார்த்து குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒருமுறை பொலிஸார் இறக்கிக் கொண்டுபோனார்கள். கந்தோர்ப் பெரியவர், சிங்களவர், தானே போய்க் கையெழுத்திட்டு வெளியே எடுத்தார். வீட்டுக்கு வந்தவர், பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இப்படியே மகள் வளர்ந்து பெரியவளானாள். போர் நிறுத்தம் வந்தது. யாழ்ப்பாணப் பாதையைத் திறந்தது ஒரு பங்குனிக் கடைசியில். கடல் அடங்கிக் கிடக்கும் காலம். ஆனால் அவர் அப்போது பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நெஞ்சுவலி. எழும்பி நடமாடத் தொடங்கியபோது ஆடி பிறந்துவிட்டது.

“பஸ்ஸிலை அவ்வளவு தூரம் கூடாது. கொஞ்ச மாதம் போகட்டும்” என்றார் டொக்டர்.

“அப்பா, அடுத்த பங்குனிக்குப் போவமே” என்றாள் மகள். “அப்பதானே நல்லம் எண்டு சொல்லுவீங்க?”

“எத்தினை பங்குனி வந்து போச்சுது, பிள்ளை” என்றார்.  எங்களைக் கட்டாயப்படுத்த அவருக்கு விருப்பமில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்தான் போவோம் என்றேன். மகள் என்னோடு சண்டை பிடித்தாள். டொக்டர் கொடுத்த மாத்திரைகளை என் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வழியெல்லாம் சோதனை. பைகளைத் தூக்கி, நடந்து, மறுபடி பஸ் ஏறினோம். கூரையில்லாத வீடுகளும் தலையில்லாத பனைகளுமாக ஓடிக்கொண்டிருந்த பாதையை அவர் கண்ணிமைக்காமல் பார்த்தபடியிருந்தார். குறிகட்டுவான் துறைமுகத்தில் இறங்கியபோது காற்று என் சேலையைப் பிடுங்கியது. கடல் சாம்பல் நிறமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. வள்ளம் ஏறி இறங்கியதில் நான் என் தோட்டத்து மாரியம்மனைக் கூப்பிட்டேன். மகள் வாந்தியெடுத்து என் மடியில் சரிந்துவிட்டாள். உப்புத் தண்ணீர் எல்லோரையும் நனைத்தது. அவர் மட்டும் நிமிர்ந்து இருந்தார். நோயாளி அவர்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். “பயப்படாதேயும், இது சின்ன அலை” என்று என் காதுக்குள் கத்தினார்.

நாங்கள் வருவது யார் சொல்லியோ தெரிந்து, இறங்குதுறையில் வெளிறிய சேலையில் ஒரு மெலிந்த அம்மா நின்றார். எங்களைக் கண்டதும் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“இந்தக் காத்துக்குள்ளை ஆர் உங்களை வரச் சொன்னது?” என்று தம்பியை ஏசினார். “நெஞ்சு வருத்தக்காரன் வாற நேரமே இது?”

பிறகு என் பக்கம் திரும்பினார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். தன் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். கன்னம், நெற்றி, கண். குழந்தைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தார்.  

நாலைந்து நாளில் திரும்பத்தான் நினைத்திருந்தோம். காற்று இன்னும் கடுமையாகி வள்ளங்கள் ஓடாமல் நின்றன. கல்வேலிகளுக்கு நடுவே அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் நாலு பேரும் அடைபட்டுக் கிடந்தோம். புல் காய்ந்து தீவு வெறும் மண்ணாகக் கிடந்தது. குதிரைகள் விலா தெரிய நின்றன. அவர் ஒவ்வொரு காலையும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணறு, பள்ளிக்கூடம், தான் விழுந்து பல் உடைத்த இடம் என்று காட்டினார். மத்தியானம் மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டு, பெருவிரலைத் தூக்கி அக்காவுக்குக் காட்டுவார். கண்டியில் அவரை நான் அப்படிப் பார்த்ததேயில்லை.

ஒருநாள் குசினியில் அக்காவும் நானும் காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை அரித்துக்கொண்டிருந்தோம். அவர் சுளகைத் தட்டியபடியே சொன்னார். “முதல் நீங்கள் வரப்போறியள் எண்டு தம்பி சொல்லிவிட்டவன். பங்குனி. நான் கடல் சரியில்லை எண்டன்.”

“தெரியும்” என்றேன்.

சுளகு நின்றது. “தெரிஞ்சுமே வந்தனீர்?”

“அவருக்கு நீங்க வேணும்ல.”

அவர் மறுபடி சுளகைத் தட்டினார். “ஒரு பெண்டிலைக் கொண்டுவந்து என்ரை பிள்ளையைப் பறிச்சுப்போட்டாங்கள் எண்டுதான் அப்ப நினைச்சனான். எந்தப் பெண்டிலா இருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். தோட்டத்துப் பெட்டை எண்டது எனக்கொரு சாட்டு.” மாவை ஒதுக்கிவிட்டு, “அதுக்குப் பிறகு கடல் எப்ப அடங்கினாலும் எனக்கு நெஞ்சு எரியும்” என்றார்.

 மாவைக் கையில் அள்ளி அவருடைய சுளகில் போட்டேன். வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருந்தோம்.

அந்தக் கார்த்திகையில் என் கணவர் கண்டியில் காலமானார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு அக்காவால் வந்துசேர முடியவில்லை. வாடை அடித்து, வள்ளம் ஓடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல்நாள், மார்கழி மழையில், குட்ஷெட்டில் ஒரு துணிப் பையோடு இறங்கினார். வாழ்நாளில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கால் வைக்காதவர். கண்டிக் குளிரில் உதடு நீலமாகி நடுங்கியபடி, “எந்த அறையிலை கிடந்தவன்?” என்று மட்டும் கேட்டார். அந்த அறையிலேயே பாய் விரித்துக்கொண்டார்.

மழைக்காலம் முழுதும் எங்களோடு இருந்தார். என்னை அடுப்படியில் தனியாக விடவில்லை. கந்தோர்ப் பெரியவர் துக்கம் விசாரிக்க வந்தபோது, பாஷை தெரியாமலே அவருடைய கையைப் பிடித்துக் கும்பிட்டார். மடவளை நாநாவின் மனைவி வந்தபோது இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அவருடைய ஊர்த் தமிழும் அந்தப் பெண்மணியின் தமிழும் பாதிதான் ஒன்றுக்கொன்று புரிந்திருக்கும்.

அக்கா திரும்பிப் போகிறேன் என்றபோது இங்கேயே இருக்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். “வீடு கிடக்கு, ஆடு கிடக்கு” என்றார். நாங்கள் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். அதற்குள் மறுபடி போர். பாதையை மூடிவிட்டார்கள். அக்கா இறந்த செய்தி எங்களுக்கு எட்டியபோது எல்லாச் சடங்கும் அங்கே அயலவர் கையால் முடிந்திருந்தது.

மகள் மகாவலிக்குப் போய் முழுகினாள். ஐயரைக் கூப்பிட்டுக் கரையில் ஒரு பிடி அரிசியும் எள்ளும் தண்ணீரில் விட்டோம். ஆறு நிரம்பிக் கலங்கி ஓடியது. வீட்டுக்கு வந்து சமைத்து, நாநா வீட்டாரையும் கூப்பிட்டு, எல்லோருமாக இருந்து சாப்பிட்டோம்.