செல்வி கூப்பிட்ட பாதை

கீழ் கோத்தகிரி பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றிருந்தேன். டிவியில் செல்வி பாடினாள்.

"நம்ம ஊர்ப் பாட்டுக்காரிங்க. தெரியுங்களாக்கா?" என்றார் கடைக்காரர்.

"எஸ்டேட்ல பக்கத்து லைன் வீடுதான். ஒண்ணாத்தான் ஸ்கூலுக்குப் போனோம்."

"அவங்க பேரெடுத்ததுக்கப்புறம் இந்த ஊர்ல எல்லாருமே அவங்ககூடப் படிச்சவங்கதானுங்க" என்று சிரித்தார்.

பள்ளி விட்டு வரும்போது எஸ்டேட்டைப் பனி மூடியிருக்கும். ஈரத் தேயிலை வாசம் மட்டும் வரும், முன்னால் போகிறவள் தெரியமாட்டாள். "வாயை மூடிட்டு வராதீங்கடி. சத்தம் கேட்டாத்தான் காட்டெருமை ஒதுங்கும்" என்பாள் அம்மா. செல்வி முன்னால் நடந்து, "ஓ..." என்று நீட்டிக் கூப்பிடுவாள். நான் "ஓய்" என்பேன். என் பதில் வரும்வரை அவள் அடுத்த அடி வைக்கமாட்டாள்.

அவள் குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகு அந்தப் பாதையில் நான் மட்டும் கத்திக்கொண்டு வந்தேன்.

டிவியில், பாட்டின் நடுவே அதே "ஓ..." இழுப்பு வந்தது.

"ஓய்" என்றேன்.

அவள் நிற்காமல் பாடிக்கொண்டே போனாள். கடைக்காரர்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இன்னொரு டீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.